நுரையீரல் புற்றுநோய்க் கதிர்வீச்சோடு நானோ மருந்து: கைக்கு வந்திருப்பது எது, ஆய்வில் நிற்பது எது?

கிருஷ்ணகிரி மருந்தாளுநர் கேட்டது:

வணக்கம். இங்கே ஒரு பகல்நேர கீமோ வார்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்கள் கதிர்வீச்சுக்குச் சேலம், வேலூர், பெங்களூரு என்று போகிறார்கள். வாராவாரம் போடும் கீமோவை மட்டும் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: "நானோ துகளில் மருந்தை ஏற்றினால் ரேடியேஷன் ரெண்டு மடங்கு வேலை செய்யுமாமே, அதையே எழுதச் சொல்லுங்களேன்."

எனக்குத் தெளிவாக வேண்டியவை மூன்று. தங்கம், ஹாஃப்னியம் போன்ற உலோகத் துகள்கள் நுரையீரலில் உண்மையிலேயே கதிரைக் கூட்டித் தருமா? அல்புமின் புரதத்தில் ஏற்றிய பாக்ளிடாக்செல் கீமோ மருந்தைக் கதிர்வீச்சுக்கு நடுவே சாதாரண பாக்ளிடாக்செல்லுக்குப் பதிலாகப் போடலாமா, கலக்கும்போது எங்கே கோளாறு வரும்? எங்கள் செவிலியர்களுக்குச் சாதாரண மருந்துதான் பழக்கம். மூன்றாவது, கீமோ இங்கே, கதிர்வீச்சு அங்கே என்று பிரித்தால் எத்தனை மணி நேர இடைவெளிக்குள் முடிக்க வேண்டும்?

பொதுவான விளக்கத்தைவிட அளவு, நேரம், தவறும் இடம் என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

லைனாக் அறை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான். மருந்துப் பக்கத்தை அதில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

நானோ என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகப் பேசப்படுகின்றன. அல்புமின், கொழுப்பாலான லிப்போசோம், பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் துகள்கள் மருந்தைச் சுமந்து போகும் வண்டிகள். அங்கே கதிரோடு கைகோப்பது உள்ளே இருக்கும் மருந்துதான். தங்கம், ஹாஃப்னியம் ஆக்சைடு, கடோலினியம் போன்றவற்றில் துகளே கதிரை வாங்கி, பக்கத்திலேயே எலக்ட்ரான்களாகக் கொட்டுகிறது. "ரெண்டு மடங்கு" என்ற பேச்சு இந்த இரண்டாவது வகையிலிருந்து வந்தது. அதுவும் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயில், எலியில் பார்த்த முடிவுகளிலிருந்து.

காரணம் இதுதான். தங்கத்தின் அணு எண் 79. ஒளிமின் விளைவு (அணு ஃபோட்டானை முழுதாக விழுங்கி எலக்ட்ரானை வெளியே தள்ளுவது) அணு எண்ணின் மும்மடிக்கு ஏறத்தாழ ஏறும், ஃபோட்டானின் ஆற்றல் கூடக்கூட அதே வேகத்தில் இறங்கும். தங்கத்தின் கே விளிம்பு 80.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அதற்குச் சற்று மேலே உள்ள ஆற்றலில் தங்கம் கதிரை அள்ளிக் குடிக்கும். நாம் நுரையீரலுக்குக் கொடுப்பதோ 6 மெகாவோல்ட் கதிர். அதன் சராசரி ஆற்றலே ஏறக்குறைய 2 மெகா எலக்ட்ரான்வோல்ட். அந்த மட்டத்தில் காம்ப்டன் சிதறல்தான் (ஃபோட்டான் எலக்ட்ரானில் மோதித் தெறிப்பது) ஆட்சி செய்கிறது, அதற்கு அணு எண் கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. கோபால்ட் இயந்திரத்தின் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான்வோல்ட் கதிருக்கும் இதே கதைதான்.

2004-ல் ஹைன்ஃபெல்டு குழு வெளியிட்ட எலி ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். 1.9 நானோமீட்டர் தங்கத்தை ஊசியில் ஏற்றி 250 கிலோவோல்ட் எக்ஸ்ரே கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவை 86 சதவீதம். எக்ஸ்ரே மட்டும் பெற்ற எலிகளில் 20 சதவீதம். முடிவு உண்மை. ஆனால் ஏற்றிய அளவைப் பாருங்கள்: ஒரு கிலோ எடைக்கு 2.7 கிராம் தங்கம். 60 கிலோ மனிதருக்கு அது 162 கிராம், அதாவது இருபது பவுன்.

மெகாவோல்ட்டில் என்ன ஆகும் என்பதற்குச் சோ என்ற ஆய்வாளர் 2005-ல் கணினியில் செய்த மான்டி கார்லோ கணக்கு இருக்கிறது. கட்டியின் ஒரு கிராமுக்கு 7 மில்லிகிராம் தங்கம் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், 140 கிலோவோல்ட்டில் டோஸ் இரண்டு மடங்குக்குக் குறையாது. 4, 6 மெகாவோல்ட்டிலோ 7 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றியும் கூடுதல் 1 முதல் 7 சதவீதம்தான். 100 கிராம் எடையுள்ள கட்டிக்கு கிராமுக்கு 7 மில்லிகிராம் என்றால் உள்ளே 0.7 கிராம் போய்ச் சேர வேண்டும். இரத்தத்தில் ஏற்றும் துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வதன் நடுமதிப்பு, வில்ஹெல்ம் குழு 2016-ல் 117 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தபடி, 0.7 சதவீதம். அப்படியானால் 100 கிராம் தங்கம் ஏற்ற வேண்டும். பன்னிரண்டரைப் பவுன் ஏற்றிக் கிடைப்பது ஒரு சதவீதத்துக்கு அக்கம்பக்கம். மீதித் தங்கம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உட்கார்ந்துவிடும்.

செல் அளவில் கணக்கைவிடக் கூடுதல் விளைவு காட்டும் சோதனைகள் உண்டு. துகளுக்கு மிக நெருக்கத்தில் விழும் ஆஜே எலக்ட்ரான்கள், ஆக்சிஜன் மூலக்கூறுத் துணுக்குகள், டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் இடையூறு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதை ஒதுக்க முடியாது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் துகள் முதலில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஹாஃப்னியம் ஆக்சைடு இந்தச் சிக்கலை நேராகத் தாண்டியது. இரத்தத்தில் விடாமல், கட்டிக்குள்ளேயே ஊசியால் ஏற்றுகிறார்கள், கட்டியின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு, ஒரே ஒரு முறை. மென்திசு சார்க்கோமாவில் அறுவைக்கு முன் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்ததில், வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றுச்செல் ஏறத்தாழ இல்லாமல் போனவர்கள் 16 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். 2019-ல் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது சார்க்கோமாவுக்கு மட்டும். நுரையீரலில் அது மருத்துவ ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. தொடையில் ஊசி குத்துவது வேறு, மூச்சுக்கு ஏறி இறங்கும் நுரையீரலில் குத்துவது வேறு. சிடி பார்த்து மார்புச்சுவர் வழியாகக் குத்தினால் காற்றுக்கசிவு ஏற்பட்டு நுரையீரல் சுருங்கும் ஆபத்து நிஜமானது. மூச்சுக்குழாய் அல்ட்ராசவுண்டு வழியாகப் போனால் நடுமார்பு நிணநீர்க் கணுக்கள் வரை எட்டலாம், ஓரத்துக் கட்டிகள் எட்டாது.

கடோலினியம் துகளை இரத்தக்குழாய் வழியாகவே ஏற்றலாம், அளவு 3 முதல் 5 நானோமீட்டர், மிச்சம் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். மூளைக்குப் பரவிய புற்றில் 15 பேருக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்த முதல்கட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. நுரையீரலுக்கு எம்.ஆர். வழிநடத்தும் கதிர்வீச்சோடு சேர்த்து ஆய்வு நடக்கிறது. எந்த மருந்துச்சீட்டிலும் எழுதும் நிலை வரவில்லை.

ஆய்வில் சேர்ந்த நோயாளி யாராவது திட்டமிடலுக்கு வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன உலோகம் இருக்கும் இடம் சிடியில் எலும்பைவிட வெளுப்பாகத் தெரியும், திட்ட மென்பொருள் அதை அடர்த்தியான பொருள் என்று எடுத்துக்கொள்ளும். ஊசிக்கு முன் எடுத்த சிடியில் டோஸ் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மென்திசு அடர்த்தியைக் கையால் கொடுக்க வேண்டும்.

கலவை அறை, ஓசூர் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கதிர்வீச்சோடு சேர்த்து இன்று வழக்கத்தில் உள்ள வாராந்தர முறை சாதாரண பாக்ளிடாக்செல் சதுர மீட்டருக்கு 45 முதல் 50 மி.கி., கூடவே கார்போபிளாட்டின் ஏ.யூ.சி. 2 (இரத்தத்தில் மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்ற இலக்கு). உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றால் 45 கணக்கில் 67.5 மி.கி. பாக்ளிடாக்செல். சிறுநீரக வடிதிறன் 60 என்றால் கால்வர்ட் சூத்திரப்படி 60-உடன் 25-ஐக் கூட்டி இரண்டால் பெருக்க, கார்போபிளாட்டின் 170 மி.கி.

அல்புமின் பாக்ளிடாக்செல் நுரையீரலுக்கு அனுமதி பெற்றது 2012-ல், அமெரிக்காவில். அது கதிர்வீச்சு இல்லாத முறைக்கு: சதுர மீட்டருக்கு 100 மி.கி., 1, 8, 15-ஆம் நாள்கள், கார்போபிளாட்டின் ஏ.யூ.சி. 6, 21 நாள் சுற்று. கதிர்வீச்சு நடக்கும்போது இதே அளவைப் போடுவதற்கு அந்த அனுமதியில் இடமில்லை. அளவைக் குறைத்துச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு, ஆனால் அந்த முடிவு புற்றுநோய் மருத்துவரின் கையெழுத்தோடு, அளவு தெளிவாக எழுதப்பட்டு வர வேண்டும். சீட்டில் "பாக்ளிடாக்செல்" என்று மட்டும் இருந்தால் எது என்று கேட்காமல் கலக்காதீர்கள். இரண்டும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிப் போடக்கூடியவை இல்லை. அலமாரியிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அதன் பெரிய நன்மை ஆமணக்கெண்ணெயிலிருந்து வரும் கிரெமோஃபோர் கரைப்பான் இல்லாதது. சாதாரண மருந்தின் ஒவ்வாமைக்குப் பாதிக்குமேல் காரணம் அந்தக் கரைப்பான்தான், அதனால்தான் டெக்ஸாமெத்தசோன், ஏவில் போன்ற முன்மருந்துகள். அல்புமின் வகைக்கு வழக்கமாக அவை தேவைப்படாது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வாராவாரம் ஸ்டீராய்டு போடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கலக்கும் முறை: ஒரு குப்பியில் 100 மி.கி. பாக்ளிடாக்செல், ஏறத்தாழ 900 மி.கி. மனித அல்புமின். 20 மி.லி. சாதாரண சலைன். ஊசி முனையைக் குப்பியின் உட்சுவரில் சாய்த்து, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல விட வேண்டும். பொடியின் மேல் நேராகப் பீய்ச்சினால் நுரை பொங்கும். விட்டு முடிந்ததும் குறைந்தது 5 நிமிடம் அசைக்காமல் நனைய விடுங்கள். பிறகு 2 நிமிடமாவது மெதுவாகச் சுழற்றுங்கள், அல்லது தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கவே கூடாது. நுரை வந்துவிட்டால் 15 நிமிடம் வைத்தால் அடங்கும். சரியாகக் கலந்தது பால் மாதிரி ஒரே சீராக இருக்கும், கட்டியோ அடியில் படிவோ தெரியாது. படிவு தெரிந்தால் மறுபடி மெல்லக் கவிழ்த்துப் பாருங்கள், அப்போதும் கரையாவிட்டால் அந்தக் குப்பி வேண்டாம். இப்போது ஒரு மி.லி.யில் 5 மி.கி. இருக்கும். 150 மி.கி. வேண்டுமானால் 30 மி.லி., காலிப் பையில் ஏற்றி 30 நிமிடத்தில் செலுத்த வேண்டும். மேற்கொண்டு சலைனில் நீர்க்கச் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் செவிலியர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஃபில்டர் விஷயம். சாதாரண பாக்ளிடாக்செல்லுக்கு 0.22 மைக்ரான் ஃபில்டர் வைத்த குழாய் கட்டாயம். கை பழகிப்போய் அதையே இங்கேயும் மாட்டிவிடுவார்கள். அல்புமின் துகளின் சராசரி அளவு 130 நானோமீட்டர், அதாவது 0.13 மைக்ரான். சராசரிதான் அது, பெரிய துகள்களும் உண்டு. கொஞ்ச நேரத்தில் ஃபில்டர் அடைக்கும், சொட்டு நிற்கும், மருந்தின் ஒரு பகுதி நோயாளிக்குப் போகாமல் ஃபில்டரிலேயே தங்கும். யாரும் அதைக் கணக்கில் எழுதுவதும் இல்லை. ஃபில்டர் இல்லாத சாதாரணக் குழாய் போதும். சிலிகோன் எண்ணெய் தடவிய சிரிஞ்சு அல்லது பையிலிருந்து சில சமயம் வெள்ளை நூல் நூலாகப் புரதம் திரளும். வெளிச்சத்துக்கு எதிரே பையைத் தூக்கிப் பாருங்கள். நூல் தெரிந்தால் 15 மைக்ரான் ஃபில்டர், அதற்குக் கீழே எதுவும் கூடாது.

கலந்த குப்பி 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் 24 மணி நேரம் வரை. உறைய விடாதீர்கள். நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 1500-க்குக் கீழே, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் சுற்றைத் தொடங்கக் கூடாது.

தொப்பூர் கணவாய் எழுதியது:

கதிர்வீச்சு மருத்துவர் பக்கத்திலிருந்து மூன்றாம் கேள்விக்கு என் பதில்: பிரிக்காதீர்கள்.

மணிக்கணக்கு இங்கே முக்கியப் பிரச்சினை இல்லை. பாக்ளிடாக்செல் செல்களை ஜி2, எம் கட்டங்களில், அதாவது பிளவுபடுவதற்குச் சற்று முன்னும் பிளவுபடும்போதும், நிறுத்திவைக்கிறது, அந்தக் கட்டங்களில்தான் செல் கதிருக்கு மிகவும் இளகியிருக்கும். அந்த நிறுத்தம் பல மணி நேரம் நீடிப்பதால் வாரத் தொடக்கத்தில் கீமோ, அதே நாளில் கதிர்வீச்சு, பிறகு வாரம் முழுக்கக் கதிர்வீச்சு என்று போகும். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகாது. ஆபத்து வேறிடத்தில். 60 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு), 30 பகுதியாகப் பிரித்து, ஆறு வாரம். மூன்றாம் வாரத்திலிருந்து உணவுக்குழாய் புண்ணாகிச் சோறு இறங்காது. சேர்த்துக் கொடுக்கும் முறையில் கடுமையான உணவுக்குழாய் அழற்சி 18 சதவீதம், அடுத்தடுத்துக் கொடுத்தால் 4 சதவீதம். அதற்கு ஈடாக ஐந்தாண்டு உயிர்வாழ்வில் 4.5 சதவீதப் புள்ளி லாபம். 2010-ல் வெளிவந்த கூட்டுப் பகுப்பாய்வு இது. அந்த லாபத்தை எடுக்க வேண்டுமானால் எடை, நீர்ச்சத்து, இரத்த எண்ணிக்கை மூன்றையும் ஒரே கண் பார்க்க வேண்டும். தருமபுரியில் கீமோ போட்டுக்கொண்டு 65 கிலோமீட்டர் பேருந்தில் சேலம் போகிறவரின் நியூட்ரோஃபில் எண்ணிக்கை, கதிர்வீச்சு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. கதிர்வீச்சு இடையில் நின்றால் தப்பிய செல்கள் வேகமாகப் பெருகும். எந்த நானோ துகளும் அந்த இழப்பை மீட்டுத் தராது.

தங்க இடம் இல்லாதவர்களுக்குக் கதிர்வீச்சு நடக்கும் மருத்துவமனையிலேயே சேர்ந்துகொள்ளவும், பக்கத்தில் தங்கும் விடுதிக்கும் சமூகப் பணியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். மாநிலம் தாண்டிப் பெங்களூரு போவதானால் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியும் முடியாதவருக்கு முதலில் கீமோ ஊரிலேயே, அது முடிந்ததும் கதிர்வீச்சு என்று அடுத்தடுத்துக் கொடுப்பது கௌரவமான வழிதான். பாதியில் அறுந்த கூட்டுச் சிகிச்சையைவிட அது மேல்.

உங்கள் வார்டில் இருப்பவர்கள் கவனிக்க இரண்டு விஷயம். மார்புக்குக் கதிர்வீச்சு நடக்கும்போது வெள்ளணு ஏற்றும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியைப் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள், தட்டணு வீழ்ச்சியும் நுரையீரல் பாதிப்பும் கூடும். இரண்டாவது கதிர்வீச்சு நியூமோனைட்டிஸ், அதாவது கதிரால் வரும் நுரையீரல் அழற்சி. முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மாடி ஏறினால் மூச்சுவாங்கல். கார்போபிளாட்டின் பாக்ளிடாக்செல் சேர்ந்தவர்களுக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கும் இது கூடுதல். திட்டத்தில் இரண்டு நுரையீரலிலும் 20 கிரேக்கு மேல் வாங்கும் பகுதி 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சராசரி 20 கிரேக்குள் இருக்க வேண்டும் என்று வைப்பதே இதற்காக.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதில் இன்னொரு அடுக்கு உண்டு. கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை பார்த்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசு ஏற்கெனவே வடு போட்டிருக்கும், சிலருக்குப் பழைய காசநோய் வடுவும் சேர்ந்திருக்கும். மிச்சமிருக்கும் நல்ல நுரையீரல் குறைவு. ஆகவே தொழில் விவரத்தைக் கேட்டு, வாயுப் பரிமாற்றச் சோதனையோடு அனுப்புங்கள். இருமல், காய்ச்சலோடு திரும்பி வந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன் சளியில் காசநோய்ச் சோதனை கட்டாயம். நியூமோனைட்டிஸ் என்று உறுதியானால் பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மி.கி. அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் குறைப்போம். சட்டென்று நிறுத்தினால் திரும்ப வரும்.

டோஸை ஏற்றினால் நல்லது என்ற எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. 60 கிரேயையும் 74 கிரேயையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2015-ல் வெளியானது. 60 வாங்கியவர்களின் நடுமதிப்பு ஆயுள் 28.7 மாதம், 74 வாங்கியவர்களுக்கு 20.3. கூடுதல் கதிர் கட்டியோடு நிற்காமல் இதயத்துக்கும் நல்ல நுரையீரலுக்கும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நானோ துகள் மேல் எனக்கு நம்பிக்கை இருப்பதே கட்டிக்குள் மட்டும் விளைவைக் கூட்டலாம் என்பதால்தான். அது வரும்வரை நோயாளி கேட்டால் திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றச் சோதனை செய்தாயிற்றா என்று பாருங்கள். அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோ கதிர்வீச்சு முடிந்தபின் ஓசிமெர்டினிப் கொடுத்ததில் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 39.1 மாதம், கொடுக்காதவர்களுக்கு 5.6. 2024-ல் வெளிவந்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து ஓராண்டு. இவை நிரூபணமானவை.

கிருஷ்ணகிரி மருந்தாளுநர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஃபில்டர் விஷயத்தை இன்றே வார்டில் எழுதி ஒட்டுகிறேன். ஒரு துணைக்கேள்வி: தங்கம் கதிரைக் கூட்டும் என்று படித்துவிட்டுச் சிலர் தங்க பற்பம் சாப்பிடத் தொடங்குகிறார்கள். என்ன சொல்வது?

லைனாக் அறை எழுதியது:

மேலே போட்ட கணக்கையே சொல்லுங்கள். நேராக இரத்தத்தில் நூறு கிராம் ஏற்றினாலே 6 மெகாவோல்ட்டில் ஒரு சதவீதச் சுற்றில் நிற்கிறது. பற்பம் மில்லிகிராம் கணக்கில் வாய் வழியாகப் போகிறது, குடலில் உறிஞ்சப்படுவது அதிலும் துளி. கதிருக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. கார்போபிளாட்டின் போகும் சிறுநீரகத்தின் மேல் தேவையில்லாமல் உலோகச் சுமை ஏற்றுவது மட்டும் நடக்கும். சாப்பிடுகிறவர்களைக் கடிந்துகொண்டால் மறைத்துவிடுவார்கள். பெயரையும் அளவையும் கேட்டுச் சீட்டில் எழுதி, மருத்துவர் கண்ணில் படச் செய்யுங்கள்.

பென்னாகரம் மாணவி எழுதியது:

ஐயா, அம்மா, நான் எம்.பார்ம். ப்ராஜெக்டுக்கு டோசிடாக்செல்லை பி.எல்.ஜி.ஏ. துகள்ல ஏத்தி, ஏ549ங்கற நுரையீரல் புற்றுச் செல்லுக்குக் கதிர்வீச்சோட கொடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். எம்.டி.டி. சோதனையில (உயிருள்ள செல்லைச் சாய நிறமாற்றத்தால அளக்கறது) கூட்டு விளைவு தெரிஞ்சா போதுமாங்க? துகள் செய்முறையில எதைக் கவனிக்கணும்?

துகள் பட்டறை எழுதியது:

எம்.டி.டி. போதாதும்மா. கதிர் பட்ட செல் பிளவுபடும் திறனை இழந்த பிறகும் சில நாள் உயிரோடு சாயத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும். இரண்டு மூன்று நாளில் எம்.டி.டி. அதை உயிருள்ள செல் என்றே காட்டும். துகளும் ஒளியைச் சிதறடித்து அளவீட்டைக் கெடுக்கும். கதிருணர்வைக் கூட்டியது என்று சொல்ல குளோனோஜெனிக் சோதனைதான், அதாவது ஒற்றைச் செல் பெருகிக் கூட்டமாகிறதா என்று எண்ணுவதுதான், ஆதாரம்.

முதலில் துகள். 50:50 பி.எல்.ஜி.ஏ. 100 மி.கி.யையும் டோசிடாக்செல் 5 மி.கி.யையும் 10 மி.லி. அசிட்டோனில் கரைத்து, 0.5 முதல் 1 சதவீத பி.வி.ஏ. கரைசல் 30 மி.லி.யில் கிளறிக்கொண்டே சொட்டுச் சொட்டாக, நிமிடத்துக்கு ஒரு மி.லி. வேகத்தில் விடு. புகைக்கூண்டில் மூடாமல் 4 மணி நேரத்துக்கு மேல் கிளறி அசிட்டோனை ஓட்டு. 15,000 ஜி-யில் 4 டிகிரியில் சுழற்றி, மூன்று முறை கழுவி, 5 சதவீத டிரெஹலோஸ் சர்க்கரையோடு உறைஉலர்த்து. டிரெஹலோஸை விட்டுவிட்டால் உலர்ந்த பொடி தண்ணீரில் திரும்பப் பிரியாது, கட்டியாகவே நிற்கும். 150 முதல் 200 நானோமீட்டர், பரவல் குறியீடு 0.2-க்குக் கீழே வந்தால் நல்லது. அசிட்டோன் கரைசலை அவசரமாகக் கொட்டினால் அளவு பரந்துவிடும்.

ஏற்றத் திறனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டோசிடாக்செல் தண்ணீரில் கரையாது. துகளுக்குள் போகாத மருந்து நுண்படிகமாக நின்று, சுழற்றும்போது துகளோடு சேர்ந்து அடியில் உட்காரும். மேல்நீரில் மருந்து இல்லை என்று பார்த்து ஏற்றத் திறன் 95 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். கழுவும் முன் 2,000 ஜி-யில் சில நிமிடம் மெல்லச் சுழற்றிப் படிகத்தைத் தனியே நீக்கு. பிறகு துகளை அசிட்டோநைட்ரைலில் கரைத்து, 230 நானோமீட்டரில் எச்.பி.எல்.சி.யில் நேராகவே அள. வெளியேற்றச் சோதனையில் பி.எச். 7.4 தாங்கலில் 0.5 சதவீத ட்வீன் 80 சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் வெளியே கரைய இடமில்லாமல் மருந்து உள்ளேயே நிற்கும், துகள் மெதுவாக விடுகிறது என்று தவறாக முடிவெடுப்பாய்.

செல்லுக்கு வரும்போது நேரம் முக்கியம். 6, 12, 24, 48 மணியில் புரோபிடியம் அயோடைடு சாயம் போட்டு ஜி2, எம் உச்சம் எப்போது என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார். கதிரை அந்த உச்சத்தில் கொடு. இலவச மருந்துக்கும் துகளுக்கும் உச்சம் வேறு நேரத்தில் வரும், துகள் மருந்தை மெல்ல விடுவதால். இரண்டுக்கும் ஒரே மணியைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் ஒப்பீடே கோணலாகும். மருந்தின் செறிவு தனியாக 10 முதல் 20 சதவீதச் செல்லைக் கொல்லும் அளவுக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் மருந்தே எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, கதிரைக் கூட்டியதா என்று பார்க்க இடமிருக்காது.

0, 2, 4, 6, 8 கிரே. ஆறு குழித் தட்டில் 0 கிரேக்கு 200 செல், 2-க்கு 400, 4-க்கு 1,000, 6-க்கு 2,500, 8-க்கு 5,000 என்று தொடங்கி உன் செல்லுக்கு ஏற்பத் திருத்திக்கொள். 10 முதல் 12 நாள் தொடாமல் விட்டு, 0.5 சதவீத கிரிஸ்டல் வயலெட்டில் சாயமேற்றி, 50 செல்லுக்குக் குறையாத கூட்டத்தை மட்டும் எண்ணு. ஒவ்வொரு குழுவையும் அதன் சொந்த 0 கிரே தட்டோடுதான் வகுக்க வேண்டும். மருந்து தனியாகக் கொன்றதைக் கதிரின் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிழைப்பு பத்து சதவீதமாகக் குறையத் தேவைப்பட்ட டோஸை, மருந்து இல்லாமல் வந்ததை மருந்தோடு வந்ததால் வகுத்தால் கூட்டு விகிதம். ஒப்பீட்டுக் குழுக்கள்: ஒன்றுமில்லாதது, வெற்றுத் துகள், இலவச மருந்து, வெற்றுத் துகளோடு இலவச மருந்து, ஏற்றிய துகள். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். முடிந்தால் எம்.ஆர்.சி.-5 போன்ற இயல்பு நுரையீரல் செல்லிலும் செய். புற்றுச் செல்லுக்கும் இயல்புச் செல்லுக்கும் ஒரே அளவில் உணர்வு கூடினால் நோயாளிக்கு லாபம் ஒன்றுமில்லை.

மூச்சு வழியாகக் கொடுக்கலாமே என்று அடுத்து தோன்றும். 200 நானோமீட்டர் துகள் தனியாகப் போனால் பெரும்பகுதி மூச்சோடு திரும்பி வெளியே வந்துவிடும். நுரையீரலுக்குள் படிய 1 முதல் 5 மைக்ரான் வேண்டும், அதனால் மானிட்டால் அல்லது லாக்டோஸில் பொதிந்து தெளிப்புலர்த்தி மைக்ரான் பொடியாக்குகிறார்கள். அது இன்னொரு ப்ராஜெக்ட், இதோடு கலக்காதே.

லைனாக் அறை எழுதியது:

தட்டை லைனாக்கில் (கதிர்வீச்சு இயந்திரம்) வைப்பதைப் பற்றிச் சேர்க்கிறேன். கதிரை மேலிருந்து விடாதீர்கள். ஊடகத்துக்கு மேல் காற்று, ஓரத்தில் வளைந்த நீர்மட்டம், இரண்டும் டோஸைக் குலைக்கும். கேன்ட்ரியை (இயந்திரத்தின் சுழலும் கை) 180 டிகிரிக்குத் திருப்பிக் கீழிருந்து விடுங்கள். தட்டுக்கு அடியில் 5 செ.மீ. திட நீர்ப்பலகை, மேலே மூடிக்கு மேல் 5 செ.மீ.; 6 மெகாவோல்ட்டில் உச்ச டோஸ் 1.5 செ.மீ. ஆழத்தில் வரும், அதைத் தாண்டியே செல் இருக்க வேண்டும். புலம் 20-க்கு 20 செ.மீ. போதும், தட்டு நடுவில். கட்டில் தடுக்கும் கதிரையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் முறை குழிக்கு அடியில் கதிர் பட்டால் நிறம் மாறும் ரேடியோகுரோமிக் ஃபிலிம் வைத்து அளந்துவிட்டுத்தான் செல்லை எடுத்து வாருங்கள்.

பென்னாகரம் பக்கமிருந்து சேலம் வரை தட்டைக் கொண்டுவருவதானால் இன்குபேட்டருக்கு வெளியே கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் ஊடகம் காரமாகி இளஞ்சிவப்பு ஏறிவிடும். 25 மில்லிமோலார் ஹெப்பஸ் தாங்கல் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றி, ஓரத்தைப் பாராஃபில்ம் சுற்றி, 37 டிகிரி ஜெல் பையோடு தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். 0 கிரே தட்டுகளும் அதே பெட்டியில் வந்து, அதே அறையில் அதே நேரம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவற்றைக் கல்லூரி இன்குபேட்டரிலேயே விட்டுவிட்டு வந்தால் பயணத்தால் செத்த செல்லெல்லாம் கதிரின் கணக்கில் ஏறிவிடும்.